பாடசாலை வழியைப் பிள்ளைகளே படம்பிடிக்கட்டும்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று வடக்கே ஓடும் வீதியை நம்மவர் இன்றும் கட்டைக் கணக்கில்தான் சொல்லுகிறார்கள். மைல் போய்க் கிலோமீற்றர் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆனபின்பும் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்ற பெயர்கள் மாறவில்லை. மாறியிருப்பது வீதிதான். உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து சாம்பல்தீவை அடையும் இந்த வழியில் போர்க்காலத்தில் குழிகளும் சோதனைச் சாவடிகளுமே மிகுந்திருந்தன. பஸ் வண்டி ஆமைபோல் ஊர்ந்தது. 2009இல் போர் முடிந்தது. இறக்கக்கண்டியில் பாலம் திறக்கப்பட்டது. வீதிக்குக் காப்பெற் போடப்பட்டது. நல்லதே. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல எடுக்கும் நேரம் குறைந்துவிட்டது. மீனும் மரக்கறியும் வாடாமல் சந்தைக்குப் போகின்றன. ஆனால் குழிகள் தாமாகவே செய்துகொண்டிருந்த ஒரு வேலை உண்டு. வாகனங்களை மெல்ல ஓடச் செய்தது அந்தக் குழிகள்தாம். அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்?

இந்த வீதியோரமாகத்தான் சாம்பல்தீவுப் பிள்ளைகள் ஏழரை மணிப் பாடசாலைக்கு நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள். பிற்பகல் ஒன்றரைக்கு வெயிலில் திரும்புகிறார்கள். பின்னேரம் ரியூஷனுக்குப் போன மூத்த பிள்ளைகள் இருட்டுப்பட்ட பின்பு வருகிறார்கள். மார்கழி மாதத்தில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மழையும் சேர்ந்துகொண்டால் ஒரு கையில் குடை, மறுகையில் சைக்கிள் கைபிடி. பெற்றாராகிய நாம் வாசலில் நின்று, "பார்த்துப் போ பிள்ளை" என்று சொல்லி அனுப்புகிறோம். எதைப் பார்த்து, எப்படிப் போவது என்பதை நாம் சொல்லிக் கொடுத்தோமா? அந்த வழியை ஒரு தடவையேனும் பிள்ளையின் கண்ணால் நாம் பார்த்ததுண்டா? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

வெளிநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவின் பல பகுதிகளில், மாணவருக்கு ஒரு போட்டி நடத்துகிறார்கள். பாடசாலைக்குப் பத்திரமாக நடந்து செல்வது, சைக்கிளில் செல்வது என்ற பொருளில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடக்கூடிய சிறு வீடியோப் படமொன்றை மாணவரே எழுதி, நடித்து, எடுத்து அனுப்ப வேண்டும். சிறந்தவற்றுக்குப் பரிசு. அந்நாட்டில் 2005ஆம் ஆண்டில் "பாடசாலைக்குப் பாதுகாப்பான வழிகள்" என்ற திட்டத்துக்கு மத்திய அரசு சட்டமூலம் பணம் ஒதுக்கிய பின்பு நடைபாதை அமைப்பதோடு இத்தகைய பிரசார முயற்சிகளும் பெருகின. முன்பெல்லாம் படம் எடுப்பதென்றால் ஸ்ரூடியோக்காரர் வரவேண்டும்; கலியாண வீட்டுக்குத்தான் வீடியோ. இன்று சாம்பல்தீவிலும் கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. ஆகவே இப்படியொரு போட்டியை நம் பாடசாலையோ, மறைக்கல்வி வகுப்போ, இளைஞர் ஒன்றியமோ, விளையாட்டுக் கழகமோ நடத்துவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இத்தகைய போட்டிகளுக்கு வரும் படங்களிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. குறும்புக்காரப் பையன் ஒருவன் வீதியின் குறுக்கே ஓடுகிறான், பிறேக் சத்தம், கட்டுப்போட்ட தலை, பிறகு ஆசிரியர் வந்து அறிவுரை. எழுத்து ஓடுகிறது, படம் முடிகிறது. பார்ப்பவர் என்ன எடுத்துக்கொள்கிறார்? குற்றவாளி பிள்ளை என்பதை. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வந்த வானைப் பற்றி அந்தப் படம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதை நான் நல்ல படம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நல்ல படம் எப்படியிருக்கும் என்பதற்கு ஒல்லாந்து நாட்டுக் கதை ஒன்று உண்டு. இன்று உலகத்திலேயே சைக்கிளுக்குப் பேர்போன நாடு அது. எப்போதும் அப்படியிருந்ததாக நினைத்துவிட வேண்டாம். 1971ஆம் ஆண்டில் மாத்திரம் அங்கே 3000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் மாண்டார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். அவ்வாண்டு ஒரு பத்திரிகையாளரின் ஆறு வயது மகள் சைக்கிளில் பாடசாலைக்குச் செல்லும்போது கார் மோதி இறந்துபோனாள். தந்தையின் பெயர் விக் லாங்கன்ஹொஃப். அவர் பணியாற்றிய "டி டைட்" கத்தோலிக்கப் பாரம்பரியத்தில் வந்த நாளேடு. அதிலே 1972இல் "சிறுவர் கொலையை நிறுத்துங்கள்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். கடுமையான சொல்தான். விபத்து என்று எல்லாரும் சொல்லிப் பழகியதைக் கொலை என்று அவர் எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தகப்பன்மாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

அதே 1972இல் அம்ஸ்ரடாம் நகரில், டி பைப் என்ற நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பில், சிறுவர்கள் தங்கள் தெருவை வாகனங்களுக்கு மூடி விளையாட விடும்படி கேட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கினார்கள். தாங்களே தடை வைத்துத் தெருவை மறித்தார்கள். கோபமடைந்த கார்க்காரர் இறங்கிவந்து தடையை இழுத்தெறிவதும், சிறுவர் அதைத் திரும்பத் தூக்கி வைப்பதும் தொலைக்காட்சிப் படமாக எடுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படத்தை இன்னும் உலகம் பார்க்கிறது. அதில் அறிவுரை சொல்லும் ஆசிரியர் எவரும் இல்லை. தங்கள் தெருவில் நடப்பதைப் பிள்ளைகள் காட்டினார்கள், அவ்வளவுதான்.

டென்மார்க்கில் ஓடென்சே என்ற நகரத்தார் 1970களிலே வேறொன்று செய்தார்கள். பிள்ளைகளிடமே போய், "நீ எந்த வழியால் வருகிறாய்? எந்த இடத்தில் உனக்குப் பயமாக இருக்கிறது?" என்று கேட்டு, அந்த இடங்களை நகர வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். பாடசாலைக்குப் பாதுகாப்பான வழி என்று இன்று பல நாடுகள் பேசுவது அங்கிருந்து புறப்பட்டதுதான். பொறியியலாளருக்குத் தெரியாத ஒன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு பிள்ளையைக் கேட்டவர் யார்?

இனிப் பிள்ளையின் கண்ணுக்கு வருவோம். பெற்றாரே, ஒரு நாள் உங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே, வீதிக்கு எட்டத்தில், முழந்தாளில் நின்று பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கண் ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நிறுத்திவைத்த ஓட்டோவுக்கு மேலால் நீங்கள் வீதியைப் பார்ப்பீர்கள். பிள்ளை பார்ப்பது ஓட்டோவின் பக்கத்தை. வேலிக் கிளுவை உங்களுக்கு இடுப்பளவு. பிள்ளைக்கு அது சுவர். சாரதியின் பக்கமிருந்தும் அப்படித்தான். ஓட்டோவுக்குப் பின்னால் பிள்ளை நிற்பது அவருக்குத் தெரியாது. படமெடுக்கும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதலாவது விதி இதுவே: கைத்தொலைபேசியை உங்கள் வீட்டிலுள்ள ஆகச் சின்னப் பிள்ளையின் கண் உயரத்தில் பிடியுங்கள். அந்த ஒரு மாற்றத்தாலேயே பாதிக் கதை தானாக வெளிவரும்.

உயரம் மட்டுமல்ல. சுவீடன் நாட்டில் ஸ்ரீனா சாண்டல்ஸ் என்ற அம்மையார் சிறு பிள்ளைகள் போக்குவரத்தில் நடந்துகொள்ளும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1968இல் நூலாக வெளியிட்டார். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் சிறு பிள்ளையைப் போக்குவரத்துக்கு ஏற்ப மாற்றிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் பிள்ளைக்கு ஏற்ப மாற்றவேண்டும் என்பது அவர் கண்ட முடிவின் சாரம். 2011இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் றோயல் ஹொலவே ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு மேலும் ஒரு காரணம் காட்டியது. மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நேரே வரும் வாகனம் நெருங்குவதை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் கண் சரியாகக் கண்டுகொள்வதில்லையாம். பிள்ளை திரும்பிப் பார்க்கிறது, வாகனம் தூரத்தில் அப்படியே நிற்பதுபோல் தோன்றுகிறது, இறங்குகிறது. "பார்க்காமல் ஓடிவிட்டது" என்று பிறகு நாம் சொல்லுகிறோம். அது பார்த்துத்தான் இறங்கியது.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். மூத்த பிள்ளைகள் வீட்டில் தாங்களே செய்து பார்க்கலாம். ஏழு மீற்றர் அகலமான வீதி. சிறு பிள்ளை ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 1.2 மீற்றர் நடக்கும். அப்படியானால் அக்கரை சேர ஆறு செக்கன் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் கடக்கிறது. ஆறு செக்கனில் 84 மீற்றர். மணிக்கு 80 என்றால் ஒரு செக்கனில் 22 மீற்றர். ஆறு செக்கனில் 130 மீற்றருக்கு மேல். எனவே பிள்ளை வீதியில் கால் வைக்கும்போது 130 மீற்றருக்கு அப்பால் வரும் வாகனமும் அதற்கு ஆபத்தே. வளைவிலோ, பற்றை மறைத்த இடத்திலோ அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுமா? சாரதி பிறேக் பிடிக்கலாமே என்பீர்கள். சாரதி கண்டு, கால் பிறேக்குக்குப் போக ஒரு செக்கன் ஆகும் என்று வையுங்கள். 50இல் வருபவர் காய்ந்த வீதியில் ஏறக்குறைய 28 மீற்றரில் நிற்பார். 80இல் வருபவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். மழை பெய்திருந்தால் இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கையும் கேளுங்கள்: 50இல் வரும் கார் மோதுவதைவிட 65இல் வரும் கார் மோதினால் நடந்து செல்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு. கூடியது பதினைந்து கிலோமீற்றர் வேகந்தான்.

குடிமனைகள் உள்ள பகுதியில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மணிக்கு 50, ஓட்டோவுக்கு 40 என்பது நம் நாட்டுச் சட்டம். அதை மீறுகிறார்கள் என்று வாயால் சொன்னால் எவரும் கேட்க மாட்டார்கள். இங்கேதான் வீடியோ ஒரு பெரிய வேலை செய்யும். பாடசாலை மதிலுக்கு உட்பக்கமாக நின்று, வீதி தெரியும்படி கைத்தொலைபேசியை ஒரு மேசையில் அசையாமல் வையுங்கள். வாகனம் இல்லாத வேளையில் பெரியவர் ஒருவர் வீதியோரத்தில் நாடாவால் 50 மீற்றர் அளந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கொடித்தடி நடட்டும். பிறகு பதினைந்து நிமிடம் படம் பிடியுங்கள். வீட்டில் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு வாகனமும் முதலாம் தடியிலிருந்து இரண்டாம் தடிக்கு வர எத்தனை செக்கன் ஆயிற்று என்று எழுதுங்கள். 180ஐ அந்த எண்ணால் பிரித்தால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது வந்துவிடும். மூன்றரை செக்கனுக்குச் சற்றுக் கூட எடுத்தால் 50. மூன்று செக்கன் என்றால் 60. இரண்டேகால் செக்கன் என்றால் 80. கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? ஒன்று மாத்திரம்: வாகன இலக்கத் தகடுகளைப் படத்தில் காட்டி ஒருவரையும் சந்திக்கு இழுக்க வேண்டாம். யார் ஓடினார் என்பதல்ல நமக்கு வேண்டியது. இந்த இடத்தில் எல்லாரும் எப்படி ஓடுகிறார்கள் என்பதே.

வேகம் சாரதிகளின் குற்றம் என்று சொல்லி நாம் கையைக் கழுவிக்கொள்ளவும் இயலாது. காலை ஏழேகாலுக்கு எந்தப் பாடசாலை வாசலிலும் போய்ப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள், ஓட்டோக்கள், வான்கள் எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். தகப்பனும் தாயும் நடுவில் இரண்டு பிள்ளைகளுமாக ஒரே மோட்டார் சைக்கிளில் வந்திறங்குவதும் உண்டு. பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் இராது. வீதி பயங்கரம் என்பதால் பிள்ளையை வாகனத்தில் கொண்டுவருகிறோம். நாம் கொண்டுவரும் வாகனங்களால் நடந்துவரும் பிள்ளைக்கு வீதி இன்னும் பயங்கரமாகிறது. அதைக் கண்டு அடுத்த வீட்டாரும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றுகிறார்கள். வாசலுக்கு நூறு மீற்றர் முன்பாகவே நிறுத்தி இறக்கிவிட்டால் பாதி நெரிசல் போய்விடும். இதற்கு எந்த அமைச்சரின் உத்தரவும் வேண்டியதில்லை. பிள்ளைகளின் வீடியோவில் தங்கள் மோட்டார் சைக்கிளே வாசலை மறித்து நிற்பதைக் கண்டால் பெற்றாருக்குச் சற்று வெட்கம் வரும். வரட்டும்.

இன்னொன்று, பெண்பிள்ளைகளைப் பற்றியது. ஊரில் ஒரு விபத்து நடந்தவுடன் முதலில் பறிபோவது பெண்பிள்ளையின் சைக்கிள்தான். அண்ணன் தொடர்ந்தும் ஓடுவான். தங்கச்சி வீட்டில் இருக்க வேண்டும், அல்லது ஆரும் கொண்டுபோய் விட வேண்டும். கொண்டுபோக ஆளில்லாத நாளில் பாடசாலை இல்லை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குப் பாடமாக்கினார். வயல் கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் ஆயிரம் ஆயிரமாகப் பழகினார்கள். பின்னர் 2001 முதல் அம்மாநில அரசு மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததன் பலனை ஆராய்ந்த இரு பொருளியலாளர், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் 32 வீதத்தால் கூடினர் என்று கண்டார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடையிலிருந்த வித்தியாசமும் 40 வீதத்தால் குறைந்ததாம். ஆகவே பயத்தால் சைக்கிளை வாங்கி வைப்பது பாதுகாப்பு ஆகாது. அதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவள் மகள். போட்டிக்கு வரும் படங்களில் பாதியையாவது மாணவிகள் எடுக்கும்படி நடத்துபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பயம் அவர்களுக்கு வாகனத்தால் மட்டும் வருவதில்லை. ஆளில்லாத ஒழுங்கையில் நின்று சீண்டுபவர்களும் வழியின் ஒரு பகுதிதான். அதையும் அவர்கள் சொல்லட்டும்; ஆனால் நடுவர்களில் நம்பிக்கையான ஆசிரியை ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் கற்கவேண்டியவை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அவை பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவையே, எனவே சுருக்கமாகச் சொல்லுகிறேன். நடைபாதை இல்லாத வீதியில் வலது பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். சைக்கிள் மாத்திரம் இடது பக்கம். இதை மாற்றிச் செய்பவர்களே அதிகம். பஸ்ஸால் இறங்கினால் அது புறப்பட்டுப் போகும்வரை காத்திருந்து கடக்க வேண்டும். கோடு வெள்ளையாகிவிட்ட பின்பும் நாம் மஞ்சட்கோடு என்று சொல்லும் கடவையில்கூட, வாகனம் நின்றதைக் கண்டபின்பே இறங்க வேண்டும். சைக்கிளுக்கு இரண்டு பிறேக்கும் மணியும் முன் வெளிச்சமும் பின் சிவப்பும் வேண்டும். பழைய டைனமோ கழன்று எத்தனையோ காலமாகிவிட்ட சைக்கிள்களே நம் வீடுகளில் உள்ளன. ஒரு ரோச் லைட்டைக் கைபிடியில் கட்டிவிட்டாலே சாரதியின் கண்ணுக்குத் தெரியும். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளைக் கண்டு விலகவும் அது உதவும். தாரைப்போலவே கறுப்பாக இருக்கும் குடையைவிட வெளிர் நிற மழையங்கி நல்லது. கைபிடியில் சாப்பாட்டுப் பையும் தண்ணீர்ப் போத்தலும் தொங்கவிட்டால் முன் சில்லுக்குள் சிக்கும், கரியரில் கட்டுங்கள். சிறிய பிள்ளைகள் தனியே போகாமல், ஒழுங்கை ஒழுங்கையாகச் சேர்ந்து, மூத்தவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் போகட்டும். அவுஸ்திரேலியாவில் இதை "நடக்கும் பஸ்" என்று பெயர் வைத்துப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லுகிறார்கள். நம் ஆச்சிமார் காலத்தில் இதற்குப் பெயர் இருக்கவில்லை, வழக்கம் இருந்தது.

இனிப் போட்டியை நடத்துவது. படமெடுக்கும்போதே ஒரு பிள்ளை அடிபட்டுப் போனால் எல்லாம் வீண். ஆகவே வீதியில் நடந்துகொண்டோ சைக்கிள் ஓட்டிக்கொண்டோ படம் எடுக்கக் கூடாது. நின்று எடுக்க வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். விபத்தை நடித்துக் காட்டக் கூடாது. பொய்யிரத்தம் பூசிக்கொண்டு வீதியில் கிடக்கும் காட்சியை நான் நடுவராக இருந்தால் முதலிலேயே தள்ளிவிடுவேன். போரையும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளையும் கண்ட ஊரில் அப்படியொரு காட்சியைப் பார்க்க யாருடைய மனம் துணியும்? பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றாரின் சம்மதம் வாங்குங்கள். பெயரும் வீடும் வேண்டாம். கடற்காற்றில் பேச்சுச் சத்தம் கேளாது. பேச வேண்டியதை வீட்டுக்குள் பதிவு செய்து பிறகு சேர்க்கலாம். தென்னிந்தியப் படப் பாட்டுகளைப் பின்னால் போடுவதைத் தவிருங்கள். வழியில் உண்மையாகக் கேட்கும் ஒலிகளே போதும்: ஹோர்ன், காகம், பாண்காரரின் ஓட்டோ.

நடுவராக அதிபரையும் பிரமுகரையும் மட்டும் இருத்தினால் பேச்சுப் போட்டிபோல் ஆகிவிடும். ஒரு பஸ் சாரதி, போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிவரும் அம்மம்மா ஒருவர், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் படம் அழகு என்று அவர்களைக் கேட்க வேண்டாம். எந்தப் படத்தைப் பார்த்தபின் இந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பது விளங்குகிறது என்று கேளுங்கள். பரிசாக வெள்ளிக் கிண்ணம் எதற்கு? சைக்கிள் வெளிச்சமும் மணியும் நல்ல தலைக்கவசமும் கொடுக்கலாம்.

படங்கள் அலுமாரிக்குள் போய்விடக் கூடாது. ஒழுங்கை விளக்கு எரியாதது, பற்றை வளர்ந்து மறைப்பது போன்றவை பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் பொறுப்பு. பிரதான வீதியில் கடவை, வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை வேண்டுமானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்க வேண்டும். மனுவோடு இரண்டு நிமிடப் படத்தையும், 50 மீற்றர்க் கணக்கு எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் மனுவை அலுவலகங்கள் ஆயிரம் கண்டிருக்கும். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து எடுத்த படத்தை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். வீதி விபத்துகளால் உலகில் ஓராண்டில் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்றும், 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோர் இறப்பதற்கு முதற் காரணம் இதுவே என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. 2025 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை கடைப்பிடித்த வீதிப் பாதுகாப்பு வாரத்தின் பொருளும் நடப்போர், சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பே. ஆகவே இது சாம்பல்தீவார் தாங்களாகக் கிளப்பிய கரைச்சல் என்று எந்த அதிகாரியும் சொல்லிவிட இயலாது.

நம் குடும்பங்களில் வாகனம் ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். 2007 யூன் மாதத்தில் வத்திக்கானில் குடியேறுவோருக்கான திருப்பீட ஆலோசனைச் சபை, வீதியில் செல்வோரின் மேய்ப்புப்பணி பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. அதிலே சாரதிகளுக்குப் பத்துக் கட்டளைகள் உண்டு. முதலாவது, கொலை செய்யாதே என்பதுதான். வாகனத்தைப் பிறர்மேல் அதிகாரம் காட்டும் கருவியாக்கக் கூடாது என்று ஒன்றும், வீதியில் வலுக்குறைந்தவரைக் காக்க வேண்டும் என்று இன்னொன்றும் உண்டு. ஞாயிறு பூசைக்குப் பிந்திவிட்டோமென்று நூறில் பறப்பவர்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம்.

படங்களைக் காட்டும் நாளைப் பாடசாலை விடுமுறைக்கு முன்பாக ஒரு சனிக்கிழமை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் இல்லாவிட்டால் சுவரில் வெள்ளை வேட்டி கட்டினால் போதும். பெற்றார் எப்படியும் வருவார்கள். நிலாவெளி வழியில் ஓடும் வான்களினதும் ஓட்டோக்களினதும் சாரதிகளுக்குப் பிள்ளைகளே தங்கள் கையால் அழைப்பிதழ் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். முன்வரிசைக் கதிரைகளை அவர்களுக்கு விடுங்கள்.